ஒட்டு டீச்சரும் புல்லுக்கட்டுப் புஷ்பராணியும்

ஊவா மாகாணத்தில் மந்திரவாதிகளுக்குப் பஞ்சமில்லை. போர்டு போட்டுத் தொழில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து மந்திரித்தாலும் உண்டாக்க முடியாத ஒரு பயத்தை, ஒரு வாளி பசையையும் ஒரு வகுப்புச் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரே பள்ளித் தவணையில் உண்டாக்கிக் காட்டியவர் எங்கள் ஒட்டு டீச்சர். அந்த அம்மாவுக்கு மந்திரத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. சித்திரப் பாடம் நடத்த மட்டும்தான் தெரியும்.

ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, பஸ் முக்கி முனகி ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். பசறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று பனிமூட்டத்தில் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் ஓடியதாக ஒரு இடம் வரும், அப்போது தப்பாக நினைத்துவிடாதீர்கள்.

டீச்சருக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பு. அந்த ஊரைப் பற்றி இலங்கை முழுக்க ஒரு பேச்சு உண்டு. அங்கே சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தால் ஆளைப் பாயோடு சேர்த்து ஒட்டிவிடுவார்களாம், பிறகு ஊர் திரும்பவே மாட்டானாம். விருந்தோம்பலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் எவனோ கட்டிவிட்ட கதை. ஆனால் ஒரு மட்டக்களப்பு டீச்சர் முதல் நாளே கையில் பசை வாளியோடு வந்து இறங்கினால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள்.

மரவள்ளி மாவைக் காய்ச்சி அவரே செய்த பசை அது. அந்த வாரமே பிள்ளைகள் தாள் கிழித்து ஒட்டிய படங்களைக் காயவைக்க இடமில்லாமல், பள்ளிக்கூட அதிபரின் அறையில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்துப் பரப்பியிருக்கிறார்கள். எங்கள் அதிபருக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணயரும் வழக்கம். படங்களை எடுத்துவிட்டார்கள், பசையை எடுக்கவில்லை. மணி அடித்ததும் அதிபர் எழுந்தார். கூடவே பாயும் எழுந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் இந்தச் சங்கதி தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிபர் ஊருக்கே திரும்பமாட்டார் என்று சிலர் அழுததாகவும் கேள்வி. ஒட்டு டீச்சர் என்ற பேர் அப்படி விழுந்ததுதான். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பேரை வரவுப் புத்தகத்தைத் தவிர வேறு எங்கும் யாரும் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அடுத்தது எலுமிச்சம்பழம். பாதியாக வெட்டிச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் அச்சாகப் பூ விழும். பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம். சாயம் தோய்ந்த பாதிப் பழங்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், லயத்துக்குக் கீழே மூன்று பாதை கூடும் முச்சந்தியில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று. மறுநாள் காலை பெரட்டுக்குப் போன பெண்கள் அந்த முச்சந்தியைப் பார்த்துவிட்டு, சுற்றுப்பாதையில் ஏறி இறங்கிப் போனார்கள். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். அன்று ஆள் வந்து சேர்வதற்குள் வெயிலே வந்துவிட்டது.

அதோடு விட்டாரா? சாவல் கோழி இறகு கொண்டுவரச் சொன்னார், ஓவியத் தூரிகைக்கு. முட்டை ஓடு, கரித்துண்டு, சாம்பல், சீப்பில் சிக்கிய முடி. ஒரு நாள் பிள்ளைகளை ஈர மண்ணில் மிதிக்கவைத்து, காலடியை அப்படியே வெட்டியெடுத்து ஓடு மாதிரிக் காயவைத்தார். காலடி மண் எடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எங்கள் பக்கம். தாய்மார் வந்து அவரவர் பிள்ளையின் காலை அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் செய்வினைச் சாமான் பட்டியல் மாதிரியே இருக்கிறது, கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன சேர் சொல்றீங்க? மலைநாட்டிலதான் செய்வின கூட, கவனமா இரி எண்டு எண்ட அம்மா அழுதழுது அனுப்பினவ."

இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கின்றன.

இரண்டாம் தவணை நடுவில்தான் அந்தப் பெரிய வேலை ஆரம்பமானது. உங்கள் வீட்டு ஆள் ஒருவரை நிஜ அளவில் செய்யுங்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். வேலிக் கம்பியில் எலும்புக்கூடு, அதைச் சுற்றி மானாப்புல், தாளும் பசையும் பிசைந்து முகம், மேலே அந்த ஆளின் பழைய துணி. பிள்ளைகள் இழுத்துக் கட்டினார்கள், முடிச்சுப் போட்டார்கள், கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்கள். முடிந்ததும் எல்லாரையும் விறாந்தை வாங்குப் பலகைகளில் ரோட்டைப் பார்த்தபடி உட்காரவைத்தார்கள்.

விடியற்காலைப் பனியில் அதைப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டமே பேசாமல் உட்கார்ந்திருக்கும். கொழுந்துக் கூடையோடு போன ஒரு பெண், போன வருசம் தான் கழித்துப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு தானே அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டுவிட்டு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். நான் விறாந்தை வழியாகப் போகாமல் பின்பக்கத்துக் கதவால் நுழையத் தொடங்கினேன். பின்பக்கம் கிட்ட என்பதுதான் காரணம்.

வகுப்பில் தனுஜா என்று ஒரு பிள்ளை. ஏழெட்டு வயது. அம்மா புஷ்பராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அப்பன் எங்கே என்று அப்பனுக்கே தெரியாது. பிள்ளையைப் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டாள். தீபாவளி வரைக்கும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த புஷ்பராணியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் பதுளை டவுனில் இருந்தான், கேட்டால் நாளைக்கு வாங்க என்பான். லயத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளையின் காதிலும் அது விழத்தான் விழுந்தது.

தனுஜா அம்மாவைத்தான் செய்தாள். அம்மா விட்டுப்போன சிவப்புச் சேலை, அம்மாவின் சவுரிமுடி. முகம் சிரித்தபடி. வாய் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் கத்துகிற மாதிரியும் இருக்கும்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் போன் லைன் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில், ரோட்டு வளைவில் உள்ள ஒரு பாறை. பேசவேண்டியவர்கள் அதன்மேல் ஏறி நிற்பார்கள், அடுத்தவர்கள் கீழே வரிசையில் காத்திருப்பார்கள். அன்று பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கு மனைவியோடு அவசரமாகப் பேசவேண்டியிருந்தது, சாப்பாட்டுப் பார்சலை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பனி கெட்டியாக இருந்தது. பாறைமேல் ஒரு பெண் காதில் கையை வைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழே தோட்டத்துச் சங்கத் தலைவர், அவருக்குப் பின்னால் ஒரு இளந்தாரிப் பையன், அவனுக்குப் பின்னால் நான்.

காத்திருந்தோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அதாவது சத்தம் கேட்கவில்லை, மற்ற ஆள்தான் நிறையப் பேசுகிறது போலும் என்று நினைத்தோம். வெளிநாட்டுக் கோலாக இருக்கும், பாவம், பேசட்டும் என்று இளந்தாரி சொன்னான். தலைவர் செருமினார். கொஞ்சம் கழித்துப் பலமாகச் செருமினார். அவள் அசையக்கூட இல்லை. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நாங்களும் மனுசங்கதான். எவ்வளவு நேரந்தான் பேசுவ?" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

கை அவரோடு வந்துவிட்டது.

தோளிலிருந்து முழுக்கையும். தலைவர் அதைப் பிடித்தபடி நின்றார். மன்னிச்சுக்கங்க, தங்கச்சி என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அப்போது அவள் மெல்லத் திரும்பி, அந்தப் பெரிய வாயோடு எங்கள்மேல் சாய்ந்தாள். பிறகு நடந்ததை நான் ஓட்டம் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூட மணி அடிக்க நேரமாகியிருந்தது.

அன்று பத்து மணிக்குத் தனுஜா தானாகவே டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னாள். முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள்தான் தூக்கிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தி, கம்பிக் கையை மடக்கிக் காதில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அங்க நின்னாத்தானே டீச்சர் லைன் கிடைக்கும். அம்மாவுக்கு லைன் கிடைக்கல, அதான் பேசமாட்டேங்குது."

நானும் அங்கே நின்றேன். ஒட்டு டீச்சர் பிள்ளையைத் திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. தோளில் ஒற்றைக் கம்பி போட்டதுதான் பிழை, அடுத்த முறை இரட்டைக் கம்பி போட்டு முறுக்கவேண்டும் என்று செய்து காட்டினார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தலைவர் எழுந்து நின்று, பொம்மைகள் எல்லாவற்றையும் எரிக்கவேண்டும், டீச்சரை மாற்றவேண்டும் என்று பேசினார். நல்ல பேச்சுக்காரர், எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் தனுஜாவின் பெரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். பாறையிலிருந்து வருகிறாள். புஷ்பராணி கோல் எடுத்திருக்கிறாள், யாரோ ஒருத்தியின் போனில். உயிரோடு இருக்கிறாள். வீட்டுக்காரர்கள் போனைப் பறித்து வைத்துக்கொண்டார்களாம். மாடிப்படியில் விழுந்து கை உடைந்து இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். எப்படியாவது ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அழுதாளாம்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன்னுடைய கையைப் பார்த்தார்.

நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, எழுந்து விளக்கினேன். அவள் விழுந்து இரண்டு வாரம் ஆகிறது, பொம்மைக் கை கழன்றது முந்தாநாள். முதலில் நடந்த ஒன்றுக்கு, பிறகு நடந்தது எப்படிக் காரணமாகும்? தலைவர் கவலையோடு தலையை ஆட்டினார்.

"குவைத்துல நேரம் வேற, சேர்."

இனி எரிப்பது எப்படி? எரித்தால் அங்கே அவளுக்கு என்ன ஆகும்? ஆற்றில் விடலாம் என்றான் ஒருவன், அவனைப் பெரியம்மா அடிக்கப் போனாள். புதைக்கலாம் என்று சொல்ல வாய் திறந்தவன் தானாகவே மூடிக்கொண்டான். கடைசியில் பார்த்தால், பயந்துபோன காரணத்தாலேயே அந்தப் புல்லுக்கட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

மறுநாளே தலைவர் மூங்கில் பத்தையும் மஞ்சளும் துணியுமாக வந்து, புதிதாகக் கட்டிய கைக்குப் பத்து வைத்துக் கட்டினார். அதிபர் தன்னுடைய நாற்காலியையே கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். யாரோ கம்பளி போர்த்தினார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் ஜன்னலில் எட்டி, புஷ்பா, இப்ப வலி எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வரவுப் புத்தகம் எடுக்க நான் தனியாக அதிபரின் அறைக்குள் போகும்போதெல்லாம் குட் மோர்னிங் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஒரு விசயம் மட்டும் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சாயங்காலம் அறையைப் பூட்டும்போது அவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும். காலையில் நானே திறப்பேன், முகம் ஜன்னல் பக்கம், ரோட்டைப் பார்த்திருக்கும். ஈரத்தில் புல் ஊதும், கம்பி திரும்பும் என்று ஒட்டு டீச்சர் சொன்னார். சரி, திரும்பட்டும். ஒவ்வொரு நாளும் ரோட்டுப் பக்கமே ஏன் திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

கம்பளி போர்த்தியதைப் பார்த்த அன்றுதான் டீச்சர் கோபப்பட்டதை முதல் தடவையாகப் பார்த்தேன். தலைவரை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"புல்லுக்குக் குளிருமெண்டு போர்த்திறீங்க. அங்க கிடக்கிற மனிசிய ஆரு கூட்டிவாற?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஏஜென்டிடம் அவர் மூன்று தடவை போய்வந்துவிட்டார், நாளைக்கு வாங்க என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். டீச்சர் கழன்றுபோன அந்தப் பழைய கையைக் கேட்டு வாங்கி, வகுப்பில் பிள்ளைகள் நடுவே வைத்தார். வடிவாச் செய்யுங்க என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? கரியில் கோடு, முட்டை ஓட்டில் நகம், மணிக்கட்டில் சவுரிமுடி, சாவல் இறகு. விரல்களுக்கு நடுவே சிவப்புச் சாயம் தோய்த்த பாதி எலுமிச்சம்பழத்தை டீச்சர் தன் கையாலேயே வைத்துக் கட்டினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். தன் சாமான்களைப் பார்த்து ஊர் என்ன நினைக்கிறது என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அந்த நிமிசம்தான் எனக்குப் பட்டது.

தலைவரும் நானும் பதுளைக்குப் போனோம். ஏஜென்ட் வழக்கம்போல நாளைக்கு வாங்க என்று ஆரம்பித்தான். தலைவர் பையிலிருந்து அந்தப் பொம்மைக் கையை எடுத்து மேசைமேல், அவனைப் பார்த்து விரல் நீட்டினபடி வைத்தார். சரிங்க, நாளைக்கே வர்றோம், இது இங்கேயே இருக்கட்டும் என்று எழுந்தார். அந்த ஆளின் முகத்தில் ரத்தமே இல்லை. நாங்கள் படியிறங்குவதற்குள் பின்னாலேயே ஓடிவந்தான். அதற்குப் பிறகு அவன் எங்கெங்கோ போன் பேசினான், எம்பசிக்கு ஆள் அனுப்பினான். மாதம் முடிவதற்குள் புஷ்பராணிக்கு டிக்கெட் வந்துவிட்டது. அந்தக் கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்படி எங்களை அவன் கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

புஷ்பராணி வந்து இறங்கினாள். இளைத்துப்போயிருந்தாள், வலது கை இன்னும் தூக்குக் கட்டில். பள்ளிக்கூடத்துக்கு வந்து, அதிபர் நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அதே கை, அதே கட்டு. அவள் கத்தவில்லை. கம்பளியைத் தொட்டுப் பார்த்து, யார் போர்த்தினது என்று மட்டும் கேட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இனி அதைப் பிரித்துவிடலாம் என்றார் டீச்சர். தலைவர் தடுத்தார். ஆளே வந்துவிட்டாலும் ஆபத்து ஆபத்துதானாம். டீச்சர் அவரோடு வாதாடவில்லை. தனுஜாவைக் கூப்பிட்டு, நீ போட்ட முடிச்சு புள்ள, நீயே அவிழ் என்றார். பிள்ளை பொம்மையின் முன்னால் நின்றாள், கையை நீட்டினாள், திரும்ப எடுத்துக்கொண்டாள். பொம்மையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தோட்டமே புஷ்பராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் விழுந்தால் பிடிக்கத் தலைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றார். அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றேன், ஒரு துணைக்கு.

"எனக்கு ஒண்ணும் ஆகாது பாப்பா. இழு," என்றாள் புஷ்பராணி.

பிள்ளை இழுத்தாள். நெஞ்சு முடிச்சு அவிழ்ந்து புல் பொலபொலவென்று கொட்டியது. புஷ்பராணி மூச்சு விட்டாள், நாங்களும் விட்டோம். அதற்குப் பிறகு தனுஜா நிறுத்தவே இல்லை. புல்லை அள்ளி அள்ளி எறிந்தாள், கம்பியை உருவினாள், சேலையைச் சுருட்டிக்கொண்டுவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். புல்லைத் தலைவரின் மாடு தின்றது. மாட்டையும் இரண்டு நாள் கவனித்தார்கள், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன தவணையோடு ஒட்டு டீச்சருக்குச் சொந்த ஊருக்கு மாற்றம் கிடைத்தது. மாற்றக் கூடாது என்று அதிபரிடம் போய் நின்றவர்களில் முதல் ஆள் தலைவர்தான். டீச்சர் போய்விட்டார். போவதற்கு முந்தின வாரம் பிள்ளைகள் அவரை மாதிரியே ஒன்றைக் கட்டி, இரட்டைக் கம்பி போட்டு, என் வகுப்பு மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கு முன்னால் பிரித்துவிடுங்கள் என்று டீச்சர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மழைக்காலம் வந்துவிட்டது. பிரிக்கும்படி அதிபர் தினமும் ஞாபகப்படுத்துகிறார். எனக்குத்தான் நேரம் அமையவில்லை. சாரல் அடிக்கிற நாட்களில் என் மழைக்கோட்டைக் கழற்றி மூலையில் இருக்கிறவருக்குப் போர்த்திவிட்டு, நான் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறேன். மட்டக்களப்பிலும் இப்போது நல்ல மழையாம். டீச்சர் நனையாமல் இருக்கட்டும்.